பதினைந்து நிமிட அனுமதி

நூற்றுப் பன்னிரண்டு பேரை நாற்பத்தேழு மணி நேரம் தூங்கவிடாமல் வைத்திருந்தவன் நான். குற்றப் பத்திரிகையில் வேறு பெயர்களும் இருக்கின்றன. அவர்களையும் விடுவதாக இல்லை, சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் என் பெயரை எழுதிவிடுகிறேன். சென்னியப்பன், வயது நாற்பத்தொன்று, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணினி நிர்வாகி.

பொத்தான் என்று நாங்கள் சொல்வது பின்கழுத்தில் தோலுக்கு அடியில் வைக்கிற சின்னக் கருவியை. புளியங்கொட்டை அளவு இருக்கும். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், திருப்பூரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. உடம்பு களைத்துவிட்டது என்று மூளைக்குப் போகிற சேதியை இது வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். களைப்பைப் போக்காது. களைப்பைத் தெரியாமல் செய்யும். ஆறு வருடத்துக்கு முன் இந்தப் பொத்தான் வந்தபோது ஊரே கொண்டாடியது. ஒன்றரை ஷிப்ட் முடிந்தும் இடுப்பு வலிக்கவில்லை என்று கிழவிகள்கூட வந்து வைத்துக்கொண்டார்கள். நானும் கொண்டாடினேன். ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளம் ஓடியது. எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் அதுதான்.

என் மனைவி யசோதா எங்கள் கம்பெனியிலேயே மூன்றாவது லைனில் ஓவர்லாக் டெய்லர். நான் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பேன், அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினில் இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அந்த ரேகை மெஷினுக்கு ஒரு வழி பண்ணுங்களேன்."

"என்ன வழி?"

"கால் மணிக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போயி, வரிசைல நின்னு, கட்டவெரல வெச்சுப்போட்டு வர்றதுக்குள்ள நாலு பீஸ் போயிருதுங்க. பீஸ் ரேட்டுக்காரிக்குக் கண்ணுல தண்ணி வருது."

"அது சட்டம் புள்ள. உன்ற கழுத்துல இருக்கறது உன்றது. சின்னச் சின்ன வேலைய நீயே பண்ணிக்கலாம். களைப்ப அடைக்கறது மட்டும் பெரிய வேலை, அதுக்கு ரூட் அதிகாரம் வேணும். நீ ரேகை வெச்சீன்னா அந்த அதிகாரம் எனக்குக் கால் மணி நேரத்துக்குக் கிடைக்குது. நேரம் முடிஞ்சா அதுவே போயிரும். மறுக்கா உன்னயக் கேக்கோணும்."

"சூடோ சூடோன்னு போன்ல பேசுவீங்களே, அதுதானுங்களா?"

"அதேதான். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பெரிய ஆளா இருந்துக்கோன்னு அர்த்தம்."

"நான்தான் ஒவ்வொருக்காவும் சரிங்கறனே. அப்பறம் எதுக்குக் கேட்டுட்டே இருக்கறது?"

இந்தக் கேள்விக்கான பதில் என்னிடம் இன்று இருக்கிறது. கால் மணி முடிந்து அனுமதி விழுந்ததும், ரேகை மெஷின் வரிசையில் நிற்கிற அந்த இரண்டு மூன்று நிமிடம் அடைத்து வைத்த களைப்பு மெல்ல ஏறும். காலில் கொஞ்சம், கண்ணில் கொஞ்சம். வரிசையில் நிற்கும்போதே சிலர் "போதும்டி, நான் கிளம்பறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்த வரிசைதான் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சட்டம் எழுதிய யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தெரிந்துதான் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது வெறும் அரசாங்கக் கெடுபிடியாகத் தெரிந்தது.

மறுநாளே எழுதிவிட்டேன். இரண்டே வரி. அனுமதியை நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இரு என்பது ஒன்று. எங்காவது அது விழுந்துபோனால், காலையில் அந்த ஆள் வைத்த ரேகையை எடுத்துக் கொடுத்து மறுபடி வாங்கிக்கொள் என்பது மற்றொன்று. ரேகைகளை ஒரு கோப்பில் சேமித்து வைத்தேன். அது தப்பு என்று தெரியும். லினக்ஸ் ஆட்கள் எல்லாரும் இந்த மாதிரித் திருட்டுத்தனம் செய்வோம், அதில் ஒரு பெருமையும் உண்டு.

யசோதாவுக்குப் பக்கத்து மெஷின் பேச்சியம்மாள், தேனிப் பக்கத்துக்காரி. அவள்தான் பெயர் வைத்தாள்.

"புள்ள முழிச்சிரக் கூடாதுன்னு தொட்டில ஆட்டிக்கிட்டே இருப்போம்ல அண்ணே, அது மாரியில்ல இருக்கு!"

அன்றிலிருந்து தொட்டில். தூங்கவிடாமல் செய்கிற சாமானுக்குத் தொட்டில் என்று பெயர் வைத்துச் சிரித்தோம். மூன்றாவது லைன் பெண்கள் காசு போட்டு எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொட்டிலை நிறுத்திவிடுவேன், அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. மூன்று மாதம் அப்படியே நடந்தது. ஏழு மணிக்கு என் கணினித் திரையில் திறந்திருக்கிற ஜன்னலில் தொட்டிலை நிறுத்தி, அனுமதியை ரத்து செய்கிற கட்டளையை அடிப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கொட்டாவி விடுவார்கள். வேடிக்கையாக இருக்கும்.

என் தங்கை மகளுக்குக் காங்கேயத்தில் காதுகுத்து வைத்தார்கள். நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஞாயிறு காலை முகூர்த்தம். நான் சனிக்கிழமை மத்தியானமே கிளம்புவதாகவும், யசோதா ஞாயிறு முதல் பஸ்ஸில் வருவதாகவும் பேச்சு. அந்த வாரம் பார்த்துக் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. நான் கிளம்பும் நேரத்தில் மேனேஜர் ரங்கசாமி அறைக்கே வந்துவிட்டார்.

"சென்னியப்பா, நீ பாட்டுக்குப் போயிட்டீன்னா தொட்டில ஆரு ஆட்டறது?"

"ரேகை மெஷின்ல வெச்சுக்கட்டுங்க சார். ஒரு நாள்தானுங்களே."

"கன்டெய்னர் திங்கக்கெழம போயாகோணும். என்ற பேரையும் உன்ற லிஸ்ட்ல சேத்துடு. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். ஏழு மணிக்கு நானே நிறுத்திப்போடறேன், என்ற கொழந்தைக மேல சத்தியமா."

சூடோ பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் இருப்பவர்தான் அந்தப் பெரிய அதிகாரத்தைக் கேட்கவே முடியும். அவர் பெயரைச் சேர்த்து, தொட்டிலை அவர் அறைக் கணினிக்கு மாற்றினேன். ஒரு நாள் கழித்துப் பெயர் தானாக அழிந்துபோகிற மாதிரியும் செய்யலாம். அதற்கு இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். காங்கேயம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்து அழித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை யசோதா வரவில்லை. "வேலை முடியலீங்க, நீங்க மடில வெச்சுக் குத்திருங்க, போட்டோ அனுப்புங்க" என்று செய்தி மட்டும் வந்தது. தங்கைக்கு வருத்தம். அத்தை வராமல் என்ன காதுகுத்து என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குமே கோபம்தான். சனி ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, ஞாயிறும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கே போகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் ஏழேகால் இருக்கும், அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க..." என்றாள். பிறகு மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லு புள்ள. என்ன ஆச்சு?"

கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்லீங்க. என்னமோ சொல்லோணும்னு கூப்பிட்டேன், மறந்தே போச்சு. பாப்பா அழுதாளா?"

"அழுதா. நீ இன்னும் வீட்டுக்குப் போவலியா? மணி ஏழாச்சே."

"இன்னுங் கொஞ்சந்தான். எனக்கு ஒண்ணுமே அலுப்பில்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்."

வைத்ததும் மேனேஜரைக் கூப்பிட்டேன். "தொட்டில் ஓடுதுங்களா சார்?" என்றேன். "அதெல்லாம் அப்பவே நிறுத்தியாச்சப்பா, நீ விருந்தச் சாப்பிடு" என்றார். அவரை நம்பவில்லை. என் கைபேசியிலிருந்தே கம்பெனிக் கணினிக்குள் நுழைந்து, அனுமதியை ரத்து செய்கிற கட்டளையை நானே அடித்தேன். பதில் எதுவும் வரவில்லை. லினக்ஸின் பழக்கம் அது. காரியம் முடிந்தால் முடிந்தது என்று சொல்லாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய் நிற்கும். மௌனம் என்றால் சரி என்று இருபது வருடமாகப் பழகியவன் நான். கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டளை, அதை அடிக்கிற ஜன்னலின் அனுமதியை மட்டும்தான் ரத்து செய்யும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி அனுமதி. என் கைபேசியில் திறந்த ஜன்னலில் ரத்து செய்வதற்கு எதுவுமே இல்லை. இல்லாத ஒன்றை ரத்து செய்துவிட்டு அது பேசாமல் நின்றது. மேனேஜர் அறையில் திறந்திருந்த ஜன்னலில் தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம்.

திங்கள் காலை ஏழரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தேன். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் பாடினார்கள். அட, எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்களே என்றுதான் முதலில் தோன்றியது. யசோதா பக்கத்தில் போனேன். சனிக்கிழமை காலை கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. முகம் வீங்கி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. இடதுகை ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து ஊசி இறங்கியிருந்தது. அதன்மேல் வெட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"யசோதா, எப்ப இருந்து இங்க இருக்கற?"

"வந்துட்டீங்களா! போட்டோல பாப்பா என்னமா இருக்கறா!"

கணினி அறைக்கு ஓடிப் பதிவைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை எட்டரையிலிருந்து ஒரு நிமிடம்கூட விடாமல் ஓடியிருக்கிறது. கை தானாகக் கட்டளையை அடிக்கப் போனது. நல்லவேளை, அடிக்கும் முன் பொத்தான் வைக்கிற டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன்.

"ஒரேயடியா நிறுத்தாதீங்க" என்று கத்தினார். "நாற்பத்தேழு மணி நேரக் களைப்பு ஒரே நேரத்துல இறங்கினா இதயம் தாங்காது. அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ஆறு மணி நேரமாவது ஆகும். நான் ஆம்புலன்சோட கிளம்பறேன்."

குறைப்பதற்கும் அதிகாரம் வேண்டும். ஒழுங்காகச் செய்வதென்றால் அவரவர் புதிதாக ரேகை வைக்க வேண்டும். யசோதாவிடம்தான் முதலில் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க நீங்க, இன்னும் நாப்பது பீஸ்தான் பாக்கி. இப்பப் போயி அலுப்ப எறக்கறேங்கறீங்க. நான் நல்லாத்தான இருக்கேன்?"

பேச்சியம்மாளும் மாட்டேன் என்றாள். ஒருத்தருமே வரவில்லை. களைப்பே தெரியாதவர்களிடம் போய்க் களைத்துவிட்டீர்கள் என்று சொல்லி எப்படி நம்ப வைப்பது? மேனேஜர் பின்னாலேயே வந்து கையை விரித்தார்.

"நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா நான் கேட்டனப்பா. ஊட்டுக்குப் போறீங்களா, போறீங்களான்னு. ஒருத்தி போறேன்னு சொல்லல. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கேட்டது உண்மைதான். கேமராவில் இருக்கிறது. அவரை அங்கேயே அறைந்திருக்கலாம். அறையவில்லை, அதைவிடக் கெட்ட காரியம் ஒன்று செய்தேன். கோபத்தில் தொழிலாளர் துறைக்குப் போன் போட்டு, "இங்க ஆளுகளக் கொன்னுட்டு இருக்கறாங்க, உடனே வாங்க" என்றேன். அதன்பிறகு மேனேஜர் அறைக்குப் போய் அவருடைய ஜன்னலில் உட்கார்ந்தேன். அங்கே அதிகாரம் உயிரோடு இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் அடைப்பை நூற்றுக்கு இரண்டு பங்கு, பத்து நிமிடம் பொறுத்து இன்னும் இரண்டு பங்கு என்று குறைத்துக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் பாட்டு நின்றது. யசோதா ஒரு முறை தலையைத் தடவிக்கொள்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இறங்குகிறது, பிழைத்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வாய்விட்டு முருகா என்றேன்.

அப்போதுதான் தொழிலாளர் துறை ஜீப் கேட்டுக்குள் வந்தது.

ரங்கசாமி மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தார். "மூடு, மூடு! தொட்டிலப் பாத்தாங்கன்னா கம்பெனிக்கு சீல் வெச்சுருவாங்க!"

"சார், தொடாதீங்க! இது நின்னா எல்லாரும் செத்துருவாங்க!"

என்னைத் தள்ளிவிட்டு, கீழே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். அந்த ஜன்னலோடு அதன் அனுமதியும் போனது.

என் அறைக்கு ஓடினேன். அனுமதியைப் புதிதாக வாங்கினால் மறுபடி அடைத்துவிடலாம். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன், தவறு என்றது. அவசரத்தில் பக்கத்து எழுத்தும் சேர்ந்து அமுங்கியது. இரண்டாவது முறையும் தவறு. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். அதுவும் தவறு, மூன்று வாய்ப்பும் முடிந்தது என்று என்னை வெளியே தள்ளியது. அதற்குள் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி முழுவதும் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் உடனே பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

ஒன்பது பேர் போய்விட்டார்கள். யசோதா அதில் ஒருத்தி. பேச்சியம்மாள் பிழைத்தாள், இடது பக்கம் வராமல் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த நீதிபதியம்மா நிதானமானவர், கணினி தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கம்பெனி வக்கீலுக்கு ஒரே வாதம்தான். வேலை செய்ய யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாரும் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தராவது நிறுத்தச் சொன்னார்களா? அந்தத் தரப்பிலேயே எனக்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். ஞாயிறு சாயங்காலம் நான் அனுமதியை ரத்து செய்தது பதிவில் நேரத்தோடு இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் நான் வெளியே வந்துவிடலாம்.

ஒன்றை இதுவரை சொல்லாமல் வந்தேன், சொல்ல வாய் வரவில்லை. பொத்தானை விரலால் மூன்று முறை அழுத்தினால் அனுமதி உடனே ரத்தாகும். தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த உரிமை அது. தொட்டிலை எழுதும்போது அது எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. பெண்கள் கொண்டைக்குப் போடுகிற கிளிப் பட்டு அந்தப் பொத்தான் அடிக்கடி அமுங்கும், வேலை நடுவில் அனுமதி விழும், எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். அதனால்தான் அந்த இரண்டாவது வரியை எழுதினேன். விழுந்தால் கிளிப் பட்டிருக்கும், கேட்காமல் மறுபடி வாங்கிக்கொள் என்று.

யசோதாவின் பொத்தானை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். அதன் பதிவை நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதியம்மா கேட்டார்.

"நிறுத்தச் சொல்லி இவங்க எத்தனை தடவை அழுத்தியிருக்காங்க?"

"பத்தொம்பது தடவைங்க."

"கிளிப் பட்டதா இருக்கலாமா?"

"இல்லீங்க. மூணு தடவை, விட்டு விட்டு, ஒரே மாதிரி அழுத்தியிருக்கா. கடைசித் தடவை ஞாயித்துக்கெழம ராத்திரிங்க. அதுக்கப்பறம் அவ அழுத்தவேயில்ல."

"அழுத்தின பிறகு மறுபடி தொட்டில் பிடிக்கறதுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷத்துக்குள்ளங்க. சராசரி நாப்பது விநாடி."

அவர் பிறகு கேமராப் பதிவை அந்த நேரங்களுக்கு ஓட்டச் சொன்னார். சுவரில் படம் ஓடியது. யசோதா பின்கழுத்தில் கை வைக்கிறாள். மெஷினை நிறுத்துகிறாள். சேலையை உதறிக்கொண்டு எழுகிறாள், மேஜைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுக்கிறாள், பேச்சியம்மாளிடம் போய் வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறாள். பத்துப் பன்னிரண்டு அடி நடந்ததும் நிற்கிறாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவளாக இரண்டு பக்கமும் பார்க்கிறாள். திரும்பி வந்து, பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தைக்க உட்காருகிறாள்.

பத்தொன்பது முறையும் ஓட்டினார்கள். பத்தொன்பது முறையும் என் மனைவி வீட்டுக்குக் கிளம்பினாள்.